வீட்டுல பேசுற புள்ள வகுப்புல ஏன் பேசறதில்ல?

[திரையில்: கொழிஞ்சாம்பாறை, காலை நேரம். சீருடையில் பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து இறங்கிப் போகிறார்கள்.]

வணக்கம்ங்க. வீட்டுல தம்பிகூட மல்லுக்கு நிக்கும், ஆட்டுக்குட்டிகிட்டயும் கதை பேசும். அதே புள்ள பள்ளிக்கூடத்துக்குள்ள கால் வெச்சா சாயங்காலம் வரை வாயே திறக்காது. கிளாஸ் பி.டி.ஏ.வுக்கு, அதான் பெத்தவங்க டீச்சர் கூட்டத்துக்குப் போனா டீச்சர் சொல்றாங்க, "கொச்சு ஒண்ணும் மிண்டுன்னில்லல்லோ." புள்ள ஒண்ணும் பேசறதே இல்லையேங்கறாங்க. அம்மா திகைச்சுப் போய் நிக்குறாங்க. "எம் புள்ளையா டீச்சர்?"

கேரளாவுல, பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவுல, வேலந்தாவளம், எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் இருக்குற தமிழ் பேசுற அம்மாமாருக்கு இந்தத் திகைப்பு புதுசில்ல. மூணாறு, வண்டிப்பெரியாறு தோட்ட லயத்துல இருக்குறவங்களுக்கும் தெரியும்.

முதல்ல ஒண்ணு கேட்டுக்கறேன். அமுக்குணி, ஊமைக்கோட்டான், மலையாளத்துல மிண்டாப்பூச்ச, இந்தப் பட்டமெல்லாம் இன்னையோட நிறுத்திருங்க. விருந்தாளி வந்தா, "இவ பேசவே மாட்டா"ன்னு அவ முன்னாடியே சொல்றோம் பாருங்க, அதையும்தான். கேட்டுக் கேட்டுப் புள்ளை அதையே நம்பிரும்.

[திரையில்: வகுப்பறை ஜன்னலோரம் தனியாகப் படம் வரையும் சிறுமி.]

சில புள்ளைங்க பொறப்புலயே அப்படித்தான். ஹார்வர்டு பல்கலைக்கழகத்து உளவியலாளர் ஜெரோம் கேகன், 4 மாசக் குழந்தைங்களுக்குப் புதுப் பொம்மை, புதுச் சத்தம், புது வாசனை எல்லாம் காட்டிப் பார்த்தார். ஏறக்குறைய 5-ல 1 குழந்தை கையையும் காலையும் உதறி அழுதது. வளர்ந்த பிறகு, புது ஆளையும் புது இடத்தையும் கண்டு தயங்குற புள்ளைங்க அந்தக் கூட்டத்துலதான் அதிகம் இருந்தாங்க. எல்லாரும் அப்படியே இருந்துடலை, வளர்ப்பாலயும் பழக்கத்தாலயும் நிறையப் பேர் மாறினாங்க. ஒரே ஒரு கூட்டாளி இருந்து, சாப்பாடு தூக்கம் சரியா இருந்து, தனியா விளையாடுறப்ப முகம் மலர்ந்திருந்தா, அது குணம். அந்தப் புள்ளைக்கு வைத்தியம் தேவையில்ல. கலோல்சவம், அதான் பள்ளிக்கூடக் கலை விழா, வந்தாலும் மேடைக்குத் தள்ளாதீங்க. பென்சில் ஓவியம், கதை எழுதறது, கட்டுரைன்னு மேடை ஏறாத போட்டிகளும் அதுல இருக்கே.

இப்ப நம்ம ஊர் விஷயத்துக்கு வரேன். இதுல கொஞ்ச நேரம் நிக்கணும்.

அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை எழுதணும், நாளைக்கு இங்கதானே வேலைன்னு, தமிழ் மட்டும் தெரிஞ்ச புள்ளையை மலையாள மீடியத்துலயோ இங்கிலீஷ் மீடியத்துலயோ சேக்குறோம். அந்த நினைப்புல தப்பில்ல. ஆனா 5 வயசுப் புள்ளைக்கு ஒரே நாள்ல சுத்தியுள்ள பேச்சு முழுக்க மாறிடுது. புது மொழிக்குள்ள போற புள்ளைங்கள்ல பல பேர் கொஞ்ச காலம் பேசாமலே இருப்பாங்க. சிலருக்கு வாரக்கணக்கு, சிலருக்கு மாசக்கணக்கு. அந்த நேரத்துல காது சும்மா இருக்காது, வார்த்தை வார்த்தையா சேத்து வெச்சுக்கிட்டே இருக்கும். வெளியில பார்த்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். அந்த நேரத்துல எழுப்பி நிக்க வெச்சு "பற, பற"ன்னு, அதாவது சொல்லு, சொல்லுன்னு நெருக்கினா, தப்பா சொல்லி மத்த புள்ளைங்க சிரிச்சுட்டா, வாய் இன்னும் இறுகிடும்.

இதுக்கு வீட்டுத் தமிழைக் குறைக்க வேண்டாம். "வீட்டுலயும் மலையாளம் பேசுங்க"ன்னு யாராச்சும் சொன்னா, உங்களுக்கே சரியா வராத மொழியில புள்ளையைக் கொஞ்ச முடியுமான்னு யோசிச்சுப் பாருங்க. கேரள அரசு பாடப்புத்தகங்களைத் தமிழ்லயும் அச்சடிக்குது. மலையாள மீடியத்துல படிக்குற புள்ளைக்கும் அந்தத் தமிழ்ப் புத்தகத்தை வாங்கி வெச்சு, நாளைக்கு நடக்கப் போற பாடத்தை இன்னைக்கு ராத்திரியே படிச்சுக் காட்டுங்க. விஷயம் ஏற்கெனவே புரிஞ்சிருந்தா, காலையில வார்த்தையை மட்டும் பிடிச்சாப் போதும்.

[திரையில்: யாருமில்லாத வகுப்பறை. அம்மாவும் பையனும் பல்லாங்குழி ஆடுகிறார்கள். வாசலில் டீச்சர்.]

மொழி பழகின பிறகும் பேசலைன்னா? வீட்டுல நல்லா பேசுற புள்ள, பள்ளிக்கூடத்துல மட்டும், சேர்ந்த முதல் மாசத்தைத் தாண்டியும் மாசக்கணக்கா ஒரு சொல் பேசலைன்னா, அது தேர்வுப் பேசாமையா இருக்கலாம். இங்கிலீஷ்ல செலக்டிவ் மியூட்டிசம்பாங்க, சில இடத்துல மட்டும் பேச்சு வராது. பிடிவாதம்னு அடிச்சுடாதீங்க. இது பதற்றம் சம்பந்தப்பட்ட ஒரு நிலை. அமெரிக்க மனநல மருத்துவர்களோட கையேடு 2013-லயே இதைப் பதற்றக் கோளாறுகள் பட்டியல்ல வெச்சாச்சு. பேசணும்னு அந்தப் புள்ளைக்கு ஆசை இருக்கு, தொண்டைதான் அடைச்சுக்குது.

இதுக்குப் பலன் தர்ற ஒரு வழி இருக்கு. மணி அடிக்கறதுக்கு முன்னாடி, வகுப்புல யாரும் இல்லாத நேரத்துல, அம்மாவும் புள்ளையும் மட்டும் உக்காந்து விளையாடணும். பல்லாங்குழியோ பாம்புக்கட்டமோ, எதுவானாலும் சரி. அந்த அறையில அவன் குரல் முதல்ல கேக்கணும், அதுக்குத்தான். அடுத்தடுத்த நாள்ல டீச்சர் வாசல்ல நின்னு தன் வேலையைப் பார்க்கட்டும். பிறகு பக்கத்து பெஞ்சு, பிறகு ஆட்டத்துல ஒரு ஆள். அம்மா கொஞ்சம் கொஞ்சமா விலகிக்கலாம். முதல் சொல் வந்ததும் யாரும் கை தட்டக் கூடாது, "ஐ, பேசிட்டான்"னு கூவக் கூடாது. ஆட்டம் பாட்டுக்கு நடக்கட்டும். அவசரப்பட்டு ஒரு படியைத் தாண்டினா மறுபடி முதல்ல இருந்துதான். நல்ல வழிகாட்டியோட இதைச் செய்யறது இன்னும் நல்லது.

டீச்சர்மாருக்கும் மாஷ்மாருக்கும் ஒரு சொல். மேரி பட் ரோவ்ங்கற ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளைக் கவனிச்சப்போ, கேள்வி கேட்டுட்டு ஆசிரியர்கள் காத்திருந்தது ஏறக்குறைய 1 செகண்டு. அதை 3 செகண்டுக்கு மேல நீட்டினப்போ பதில் நீளமாச்சு, பேசாத புள்ளைங்களும் பேச ஆரம்பிச்சாங்க. அதனால கேட்டுட்டு மனசுக்குள்ள அஞ்சு வரை எண்ணுங்க. "ஏன்"னு கேக்கறதுக்குப் பதிலா "சிவப்பா, நீலமா?"ன்னு கேளுங்க. ஹாஜர் எடுக்கறப்ப கையைத் தூக்கினாப் போதும்னு விட்டுருங்க.

காதையும் பார்க்கச் சொல்லுங்க. அடிக்கடி சளி பிடிச்சுக் காது அடைக்குற புள்ளைக்குப் பாதிப் பேச்சு காதுலயே விழாது. பதில் எப்படி வரும்? ஆர்.பி.எஸ்.கே.ங்கற அரசோட குழந்தைகள் உடல்நலத் திட்டத்துல 18 வயசு வரை காது பரிசோதனை உண்டு, பள்ளிக்கு வர்ற நர்ஸ்கிட்ட கேளுங்க.

[திரையில்: படம் இல்லை. எண்கள் மட்டும்: 1098, 14416.]

நல்லா பேசிட்டிருந்த புள்ள திடீர்னு அடங்கிப் போனா, இதுவரை சொன்னது எதுவும் பொருந்தாது. ராத்திரி படுக்கையை நனைக்குது, திங்கக்கிழமையானா வயித்து வலி, ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டா ஒதுங்குது. வீட்டுச் சண்டையா, பள்ளிக்கூடத்துல யாராச்சும் மிரட்டுறாங்களா, தொடக் கூடாத விதத்துல தொட்டாங்களான்னு பொறுமையா கண்டுபிடிக்கணும். "என்னாச்சு சொல்லு"ன்னு உலுக்காதீங்க. ஒண்ணா நடந்து போறப்ப, கடலை உரிக்கறப்ப, முகத்தைப் பார்க்காம பேசினா புள்ளைங்க மனசு திறக்கும். சொன்னா நம்புங்க. 1098 குழந்தைகளுக்கான உதவி எண். மனநலத்துக்கு டெலி மானஸ், 14416. 2022 அக்டோபர்ல இருந்து ராத்திரி பகலா இருக்கு, காசு கிடையாது, தமிழ்லயும் பேசலாம்.

கடைசியா, டீச்சர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தயங்குறவங்களுக்கு. பி.டி.ஏ. கூட்டத்துல எல்லார் முன்னாடியும் கேக்காதீங்க. இதை ஒரு தாள்ல எழுதி, தனியா பார்த்துக் கொடுங்க:

[திரையில், கையெழுத்தில்:]

"டீச்சருக்கு வணக்கம். என் பையன் வீட்டில் நன்றாகப் பேசுவான். மலையாளம் இப்போதுதான் பழகுகிறான். தயவுசெய்து கொஞ்ச நாள் எல்லார் முன்னும் எழுப்பிக் கேட்க வேண்டாம். பதிலைத் தமிழில் சொன்னாலும், எழுதிக் காட்டினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். அவனுக்குப் பழக்கமான பையன் பக்கத்தில் உட்கார வையுங்கள். காலையில் மணிக்கு முன்னால் பத்து நிமிடம் நான் அவனோடு வகுப்பில் இருக்கலாமா?"

இதோட மலையாள வடிவம் வீடியோவுக்குக் கீழ இருக்குங்க. உங்க புள்ளை பேரை மட்டும் சேத்துக்கோங்க.