வளைந்த கட்டர் கார்டு: தண்ணீர் ஏன் மூக்கைச் சுற்றித் திரும்புகிறது?

[காட்சி: டம்ளரிலிருந்து டபராவுக்குக் காபி ஊற்றும் கை]

டம்ளரை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். காபி நேரே விழாது. விளிம்பைச் சுற்றிக்கொண்டு டம்ளரின் வெளிப்பக்கமாக வழிந்து விரலை நனைக்கும். விருட்டென்று சாய்த்தால் தாரையாகத் தாவி டபராவில் விழும். கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாய்தான் கட்டர் (gutter). அதில் இலை விழாமல் மூடும் தகடுதான் கார்டு (guard). முதலாவது நடக்கும்வரை வளைந்த கட்டர் கார்டு வேலை செய்யும். இரண்டாவது நடந்தால் போச்சு.

[காட்சி: மேப்பிள் மரத்தடியில் ஷிங்கிள் (தார் பூசிய மெல்லிய ஓடு) கூரை வீடு]

அமெரிக்கா, கனடா வீடுகளில் கூரையின் இறவாரத்தில் அலுமினியக் கட்டர் ஓடும். ஈழத்தமிழர் பீலி என்பார்கள். அகலம் பெரும்பாலும் 5 அங்குலம். 100 சதுர மீட்டர் பரப்பில் 25 மி.மீ. மழை பெய்தால் 2,500 லிட்டர் தண்ணீர். கட்டரில் இலை அடைத்தால் அது அஸ்திவார ஓரத்தில் கொட்டி, பேஸ்மென்ட் சுவரில் கசியும்.

[காட்சி: கார்டின் குறுக்குவெட்டு வரைபடம்]

இந்தக் கார்டில் வலையோ துளையோ கிடையாது. கட்டரை மூடும் ஒரே தகடு. முன்பக்கம் உருண்டு, கீழே இறங்கி, உள்நோக்கித் திரும்புகிறது. அந்த உருண்ட இடம்தான் மூக்கு. மூக்குக்கும் கட்டரின் முன் விளிம்புக்கும் நடுவே சுமார் 10 மி.மீ. இடுக்கு.

தண்ணீர் தகட்டில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு வருகிறது. மூக்கில் வளையும்போது படலத்துக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும். காற்றே அதைத் தகட்டோடு அமுக்கிப் பிடிக்கும். டீ கெட்டிலின் மூக்கில் ஒழுகுவதற்கும் இந்த அழுத்த வித்தியாசத்தையே கணிதவியலாளர் ஜோசப் கெல்லர் 1957-ல் காரணமாகக் காட்டினார். மூக்கின் அடியில் தண்ணீரின் எடை ஜெயித்து, கட்டருக்குள் சொட்டுகிறது. காய்ந்த இலைக்கு இப்படி வளைய வராது. விளிம்பைத் தாண்டிக் கீழே விழுகிறது.

ஈர இலை வேறு கதை. அது மூக்கில் ஒட்டி இடுக்கை மறைக்கும். பைன் ஊசிகள், மேப்பிள் விதைகள், ஷிங்கிளிலிருந்து உதிரும் மணல் எல்லாம் தண்ணீரோடு உள்ளே போகும். "இனி சுத்தமே செய்ய வேண்டாம்" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள்.

[காட்சி: இரண்டு சரிவுகள் சேரும் மூலை, கனமழை]

அதிகம் தோற்கும் இடம் கூடல்வாய். இரண்டு சரிவுகளின் தண்ணீரும் ஒரே கோட்டில் திரண்டு, தடித்து, வேகமாக வரும். தடித்த தாரை வளைவைப் பிடிக்காமல் கட்டரைத் தாண்டிப் பாயும். கூடல்வாய்க்குக் கீழே ஒரு தடுப்புத் தகடு வைத்துத் தண்ணீரைப் பக்கவாட்டில் பரப்ப வேண்டும். செங்குத்தான கூரையிலும் இதே வேகப் பிரச்சினை. சில கார்டுகளின் மேல் வரிவரியாக இருப்பது அழகுக்காக அல்ல, தண்ணீரைப் பரப்பி வேகத்தைக் குறைக்க.

அடுத்த எதிரி அழுக்கு. மகரந்தமும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்தால் படலம் உடைந்து ஓடைகளாகப் பிரியும். புதுத் தகட்டிலும் ஆலை எண்ணெய் மிச்சம் இருக்கலாம். பாத்திர சோப்பும் மென்மையான பிரஷும் போதும், உரசிக் கீறாதீர்கள்.

[காட்சி: ஏணி, பொருத்தும் வேலை]

பொருத்துவதற்கு முன் கட்டரைக் காலி செய்து, 10 அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் இறங்குகுழாய் பக்கம் இருக்கிறதா பாருங்கள். மூடியபின் சரிசெய்வது பெரிய வேலை. தகடு கூரையின் சரிவைத் தொடர வேண்டும். தட்டையாக வைத்தால் இலை தங்கும். மூக்கின் கீழ்முனை கட்டரின் முன் விளிம்புக்கு உள்பக்கம் நிற்க வேண்டும். அது வெளியே தள்ளியிருந்தால் சொட்டு வாசலில்தான் விழும். இரு முனைகளையும் மூடுங்கள், இல்லாவிட்டால் குருவியும் குளவியும் குடியேறும்.

ஷிங்கிளுக்கு அடியில் செருகும் வகையென்றால் கவனம். ஷிங்கிள்களை ஒட்டியிருக்கும் தார்ப்பட்டை பிய்ந்தால் பலத்த காற்றில் அவை கிளம்பும். குளிரில் தூக்கினால் விரிசல் விடும். கூரையில் ஆணி அடிக்கவே வேண்டாம். கட்டரிலோ ஃபேசியா பலகையிலோ (கட்டர் மாட்டியிருக்கும் இறவார முகப்புப் பலகை) பொருத்தும் வகை நல்லது. பனிக்காலத்தில் மூக்கில் பனிக்கூர்கள் தொங்கும், இந்தக் கார்டு அதைத் தடுக்காது.

[காட்சி: கொட்டும் மழையில், கீழிருந்து கட்டர்]

ஹோஸ் பிடித்துச் சோதித்தால் கனமழையின் அளவு வராது. நல்ல மழையில் கீழே நின்று பாருங்கள். ஒரே இடத்தில் தாவினால் தடுப்புத் தகடு. நீளம் முழுக்கச் சொட்டினால் முதலில் கழுவுங்கள். அப்படியும் நிற்கவில்லையென்றால் மூக்கு வெளியே தள்ளியிருக்கிறது, கழற்றித்தான் மாட்ட வேண்டும்.