மழைக்கு முந்திக்கொள்ள வேண்டும்: இயற்கை முறையில் ஒயின் திராட்சை

வணக்கம் நேயர்களே. இயற்கை முறையில் ஒயின் திராட்சை வளர்ப்பதில் அப்படி என்ன சிரமம் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள், நேராக விஷயத்துக்கே வந்துவிடுகிறேன். இயற்கைத் தோட்டம் என்றாலே மருந்து தெளிக்காத தோட்டம் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். மழை பெய்யும் ஊர்களில், அதுவும் பேர்போன ஒயின் ரகங்களை வைத்துக்கொண்டு, அது கிட்டத்தட்ட நடக்காத காரியம். சொல்லப்போனால் மழை அதிகமான வருஷத்தில், ரசாயன மருந்து தெளிக்கும் பக்கத்துத் தோட்டக்காரரைவிட இயற்கை விவசாயிதான் அதிக தடவை தெளிப்பானை எடுத்துக்கொண்டு ஓடுவார்.

இதற்குக் காரணம் பழையது. காபர்னே சாவின்யான், ஷார்டொனே, பினோ நுவார் எல்லாமே ஐரோப்பியத் திராட்சை இனம். கொடியைத் தாக்கும் பூஞ்சை நோய்களான சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும் 19-ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தவை. அடிச்சாம்பல் நோயை பிரான்சில் கண்டது 1878-ல். வட அமெரிக்கக் காட்டுத் திராட்சைகள் இந்தப் பூஞ்சைகளோடு பல காலம் வாழ்ந்து தாக்குப்பிடிக்கக் கற்றவை, ஐரோப்பியக் கொடிக்கு அந்தப் பழக்கமே இல்லை.

அடிச்சாம்பல் நோய்க்கு விவசாயிகள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: 10 டிகிரி வெப்பம், 10 மில்லிமீட்டர் மழை, 10 சென்டிமீட்டர் வளர்ந்த தளிர். மூன்றும் சேர்ந்தால் ஆபத்து ஆரம்பம். இலையில் தங்கிய நீரில் வித்துகள் நீந்தி, இலைத்துளை வழியாக உள்ளே போய்விடும். இயற்கை முறையில் இதற்கு எதிராகக் கையில் இருக்கும் முக்கிய மருந்து தாமிரம், அதாவது மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்த போர்டோ கலவை போன்றவை. அது இலையின் மேல்தான் நிற்கும், உள்ளே போகாது, நோய் நுழைந்த பிறகு தெளித்துப் பயனில்லை. இளவேனிலில் சில நாளுக்கொரு புது இலை விரிகிறது, அதன் மேல் மருந்து இருக்காது. 20, 25 மில்லிமீட்டர் மழை கொட்டினால் பழைய இலையில் இருந்ததும் பெரும்பாலும் கழுவிப் போய்விடும். மறுபடி தெளிக்கலாம் என்றால் நிலம் சேறாக இருக்கும், டிராக்டர் இறங்காது, இறங்கினாலும் மண் இறுகிப்போகும். அதற்குள் அடுத்த மழை வந்துவிடும். விளைச்சலையே இழக்கும் வருஷங்கள் இப்படித்தான் வருகின்றன.

இந்தத் தாமிரத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பலர் இந்தப் பேச்சைத் தொடவே தயங்குகிறார்கள். பிரான்சின் போர்டோ பகுதியில் வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமல் இருக்க, சாலையோரக் கொடிகளுக்கு மட்டும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் பூசியிருந்தார்களாம். அந்தக் கொடிகளில் இலை உதிராமல் இருந்ததை மில்லார்டே என்ற தாவரவியலாளர் கவனித்தார், 1885-ல் கலவையை வெளியிட்டார். அதிலிருந்து தெளிக்கிறார்கள். தாமிரம் உலோகம், மக்கிப் போவதில்லை, வருஷா வருஷம் மேல்மண்ணில் சேர்ந்துகொண்டே போகிறது, அளவு மீறினால் மண்புழுவுக்கும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்களுக்கும் கேடு. ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல், 7 ஆண்டுகளில் மொத்தம் எக்டேருக்கு 28 கிலோ தாமிரம் என்று வரம்பு வைத்திருக்கிறது, சராசரியாக ஆண்டுக்கு 4 கிலோ. மண்ணைக் காப்பாற்றத்தான் இயற்கை விவசாயம் என்று சொல்கிறவர்கள் அதே மண்ணில் உலோகத்தைச் சேர்ப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அதற்காக விவசாயியைக் குறை சொல்ல மனம் வரவில்லை, அவர் கையில் வேறு என்ன கொடுத்திருக்கிறோம்?

சாம்பல் நோய்க்குக் கந்தகம் இருக்கிறது, நன்றாகவே வேலை செய்யும். ஆனால் கடும் வெயிலில் இலையைக் கருக்கிவிடும், அறுவடை நெருங்கும்போது தெளித்தால் மிச்சம் பழத்தோடு போய் நொதிக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் கிளப்பும். களை இன்னொரு தலைவலி. வரிசைக்கு நடுவே புல்லை விட்டுவிடலாம், கொடியின் அடிமரத்தைச் சுற்றி மட்டும் இயந்திரக் கத்தியோ மண்வெட்டியோதான், கை தவறினால் அடிமரம் காயப்படும். அப்புறம் கவாத்து, இலை கிள்ளுதல், குலைக்குக் காற்றுப் போக வழி செய்தல் என்று ஆள் வேலையும் கூடும்.

சரி, வழியே இல்லையா? இருக்கிறது. அமெரிக்க, ஆசியத் திராட்சைகளின் எதிர்ப்புச் சக்தியை இனக்கலப்பில் வாங்கிய ரகங்கள் வந்துவிட்டன, சொலாரிஸ், ரீஜென்ட், சூவின்யே கிரி என்று. இவற்றுக்கும் கொஞ்சம் தெளிக்கத்தான் வேண்டும், ஆனால் தெளிப்பு பெருமளவு குறையும். ஐரோப்பாவில் ஊர்ப்பெயர் போட்டு விற்கும் ஒயினுக்கு இப்படிப்பட்ட கலப்பு ரகங்கள் நீண்ட காலம் பெரும்பாலும் அனுமதிக்கப்படவில்லை, 2021-ல்தான் அந்த விதி தளர்ந்தது. என் கருத்தில் இயற்கை ஒயினின் வருங்காலம் இந்தக் கொடிகளில்தான் இருக்கிறது, புதுப் புதுத் தெளிப்பு மருந்தில் இல்லை.

நட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நன்றாகக் காய்க்கிற கொடியைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட்டால் ஒழுங்கான முதல் விளைச்சலுக்கு மூன்று வருஷமாவது காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் பெயர் தெரியாத ரகத்தை வாங்க ஆள் வேண்டும். அந்த இடைவெளியில் குடும்பத்தை நடத்த விவசாயிக்குப் பணம் கொடுக்கும் திட்டங்களும், ரகத்தின் பெயரைப் பார்த்து விலகாமல் ஒரு தடவை ருசித்துப் பார்க்கும் வாடிக்கையாளர்களும் இல்லாவிட்டால், அவர் அடுத்த மழைக்கும் தாமிரத்தைத்தான் கரைப்பார்.