யாருக்கும் பொருந்தும் இரங்கல்

அவையோர்க்கு வணக்கம்.

சமயப் பெரியவர் ஒருவர் மறைந்ததும் "ஈடு செய்ய இயலாத இழப்பு" என்று அறிக்கை விடுகிறோம். அதில் பொய்யில்லை, ஆனால் நேற்று ஒருவருக்கு எழுதியது இன்று இன்னொருவருக்கும் அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்திவிடுகிறது. 1995 ஏப்ரலில் குன்றக்குடி மடத்தின் தலைவர் குன்றக்குடி அடிகளார் மறைந்தபோது எங்கள் மன்றத்துக்காக நானே அப்படியொரு தீர்மானம் எழுதினேன். 1982இல் குமரி மாவட்டத்து மண்டைக்காட்டில் மதக் கலவரம் மூண்டபோது அங்கேயே சென்று அமைதிக்காகப் பாடுபட்டவர் என்பதோ, மடத்தின் வாசலோடு நில்லாமல் கிராமத் திட்டம் வகுத்து ஊராரின் பிழைப்புக்கும் வழி தேடியவர் என்பதோ அந்த நான்கு வரியில் இல்லை.

இதனால் முறைமையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆண்டுதோறும் வைகாசி மூலத்தில் திருஞானசம்பந்தரின் நினைவுநாள் வழிபாடான குருபூசை நடக்கிறது. திருமுறை ஓதி, அடியாரை வணங்கி அமுது படைக்கும் மகேசுவர பூசை செய்து, பந்தி வைப்பவர்கள், வந்தவர் மனத்தில் உருக்கம் உண்டா என்று சோதிப்பதில்லை. பேச வாய் வராதவருக்கும் அந்த முறை செய்வதற்கு ஒரு வேலையைக் கொடுக்கிறது. மடத்தில் ஒருவர் மறைந்தால் "பரிபூரணம் அடைந்தார்" என்பதும் வெறும் அலங்காரமன்று, அவர்கள் கொள்கை. நம் பதாகைகளிலோ மறைந்தவர் படத்தைவிட இரங்குகிறவர் படம் பெரிதாக இருக்கிறது. (பின்னால் கட்டியிருப்பதையும் சேர்த்தே சொல்கிறேன், அமைப்பாளர்கள் பொறுத்தருள வேண்டும்.)

பழகிய தொடர் சில வேளைகளில் மறைந்தவரையே மறுத்துப் பேசிவிடும். இங்கே மதுரையில், சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டில் 1896இல் பிணம்போல் படுத்து, சாவது எது என்று தமக்குள் தேடிய சிறுவன்தான் பின்னாளில் ரமண மகரிஷி ஆனார். 1950 ஏப்ரல் 14 அன்று உடல் நீங்குவதற்கு முன், கலங்கிய அன்பர்களிடம், தாம் எங்கே போகமுடியும், இங்கேதான் இருப்பதாகச் சொன்னவர் அவர். அவருக்குப் போய் "நம்மை விட்டுப் பிரிந்தார்" என்று எழுதுவது அவர் சொன்னதைக் காதில் வாங்காதவன் எழுத்து.

சென்ற ஆண்டு திருப்பரங்குன்றம் பக்கத்துச் சிறிய மடமொன்றில் நினைவுக் கூட்டம் நடந்தது. நாங்கள் ஆறு பேர் பேசி முடித்தபின், அங்கே நெடுங்காலம் சமைத்த முதியவரை மேடைக்கு அழைத்தார்கள். மைக்கை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, "சாமிக்கு ரசத்துல மிளகு தூக்கலா இருக்கணும். இன்னைக்கும் அப்படித்தான் வச்சிருக்கேன்" என்றார். பிறகு இறங்கி, தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பந்திக்கு இலை போடப் போய்விட்டார்.