உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்

(ஆடிப்பெருக்கு அன்று மாலை அணைக்கரையில் பேசியது. கேட்டவர்களுக்காக எழுதிக் கொடுக்கிறேன்.)

ஊராட்சித் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் முக்கால் மணி நேரம் அருவியாகக் கொட்டிய புலவர் ஐயா அவர்களே, கூப்பிட்டதும் மறுக்காமல் வந்த பாசனப் பொறியாளர் அவர்களே, எனக்குப் போர்த்திய பொன்னாடையையே வாங்கி அடுத்தவருக்கும் போர்த்திய விழாக் குழுச் செயலாளர் அவர்களே, முளைப்பாரியோடு வந்திருக்கும் அம்மாக்களே, வணக்கம். மீனின் உப்புக் கணக்கு, ஹார்மோன், தைராய்டு என்று மூன்று விஷயம் பேசுவேன் என நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். பார்க்கலாம்.

“உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்” என்பார் என் அப்பா. கடன் வாங்கியவனைப் பார்த்தாலும் சொல்வார், காப்பி அடித்து மாட்டியவனைப் பார்த்தாலும் சொல்வார். மீனுக்கு அது எழுத்துக்கு எழுத்து உண்மை. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. மீனின் ரத்தத்தில் ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் ஆற்று மீனுக்குள் தண்ணீர் தானாக ஊறும். அது சிறுநீராக இறைத்துக்கொண்டே இருக்கும். கடல் மீன் தலைகீழ். சுற்றிலும் தண்ணீர் இருந்தும், உப்பில் போட்ட மாவடு போலச் சுருங்கப் பார்க்கும். அதனால் கடலையே குடிக்கிறது. விலாங்கு அப்படிக் குடிப்பதை 1930-இல் ஹோமர் ஸ்மித் காட்டினார். குடித்த உப்பைச் செவுள் வெளியே தள்ளுகிறது என்று அடுத்த இரண்டே ஆண்டில் காட்டியவர் ஆன்செல் கீஸ். பின்னாளில் கொலஸ்ட்ரால் பேச்சால் உலகத்தையே கொழுப்புக்குப் பயப்பட வைத்தாரே, அதே கீஸ்தான்.

நான் படித்த காலத்தில் ஒரு கூத்து நடந்தது. இருபது ஜிலேபிக் கெண்டையை ஆய்வுக்குக் கொடுத்தார்கள். அவசரக்காரன் நான். சாயங்காலம் நன்னீர்த் தொட்டியிலிருந்து அள்ளி நேராகக் கடல் நீரில் போட்டுவிட்டு சினிமாவுக்குப் போய்விட்டேன். விடியற்காலையில் வந்தால் அத்தனையும் மல்லாந்து கிடக்கின்றன. பேராசிரியர் வருவதற்குள் ஒளிக்க வேண்டுமே! வாட்ச்மேன் தாத்தாவிடம் வாளியோடு கொடுத்தேன். மறுநாள் அவர் சொன்னார்: “தம்பி, கொழம்புக்கு உப்பே போடலை. சரியா இருந்துச்சு.” நான் சிரிக்கவில்லை, அழுகிற நிலையில் இருந்தேன். அப்புறம் அவரே வழியும் சொன்னார்: “தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா மாத்துப்பா. அதுக்கும் ஒடம்பு தேற நாலு நாள் வேணாமா?” அடுத்த தடவை வாங்கிய மீன்களுக்கு இரண்டு நாளைக்கு ஒரு முறை கால் பங்கு கடல் நீராக மாற்றினேன். ஒன்பதாம் நாள் முழுக் கடல் நீரில் வாலாட்டிக்கொண்டு நின்றன. பேராசிரியர் என்னைப் பாராட்டினார். தாத்தாவுக்கு ஒரு பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்ததோடு சரி.

அந்த நாலு நாளில் என்ன நடக்கிறது? நமக்கு மன உளைச்சலில் சுரக்கிறதே கார்டிசால், அதுவும் வளர்ச்சி ஹார்மோனும் சேர்ந்து, செவுளில் உப்பை வெளியேற்றும் பம்பு செல்களை வளர்க்கின்றன. ஆற்றுக்குத் திரும்பினால் புரோலாக்டின் பொறுப்பேற்கும். தாய்க்குப் பால் சுரக்க வைக்கிற அதே புரோலாக்டின்தான், அம்மா! மூளைக்கு அடியில் ஹார்மோன் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியை எடுத்துவிட்ட கில்லி என்ற சிறு மீன் நன்னீரில் செத்துப்போகும், புரோலாக்டின் ஊசி போட்டால் பிழைக்கும் என்று 1959-இல் கிரேஸ் பிக்ஃபோர்டும் பிலிப்ஸும் கண்டார்கள். ஜிலேபியின் பிட்யூட்டரியைத் தனியே எடுத்து, உப்புக் குறைந்த திரவத்தில் வைத்தால், மூளையைக் கேட்காமலே அதிலுள்ள செல்கள் வீங்கிப் புரோலாக்டினை விடும்.

நான் எதற்கு வருகிறேன் என்று பொறியாளர் ஐயாவுக்குப் புரிந்திருக்கும். சிரிக்கிறார்.

இந்தக் கொள்ளிடத்தில் உல்லம் ஏறிய காலம் உண்டு. கடலில் வாழ்ந்து, புது வெள்ளத்தில் ஆறேறி முட்டையிடும் மீன். கோதாவரிக்காரர்கள் அதையே கடலில் விலசா, ஆற்றில் புலசா என்பார்கள். தாலியை விற்றாவது புலசா தின்ன வேண்டும் என்று அங்கே சொலவடை. கங்கையில் அலகாபாத் வரை போன மீனை 1975-இல் ஃபரக்கா தடுப்பணை மறித்தது. இங்கே முதலில் இந்தக் கீழணை, 1934-இல் மேட்டூர். அணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானும் அந்தத் தண்ணீரில் விளைந்த சோறு தின்றவன்தான். ஆனால் “வீணாகக் கடலில் கலக்கிறது” என்று பேசுகிறோமே, அந்த நீர்தான் முகத்துவாரத்தை முழு உப்பாக விடாமல் அரை உப்பாக வைத்திருக்கிறது. தாத்தா கேட்ட நாலு நாளை மீனுக்குக் கொடுப்பது அதுதான்.

அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில், கடலுக்குப் போகத் தயாரான சால்மன் குஞ்சுகளைப் படகிலும் லாரியிலும் ஏற்றி அணைகளைத் தாண்ட வைக்கிறார்கள். அதற்கு ஒரு காரணம், வெதுவெதுப்பான நீரில் தேங்கி நாள் கடந்தால், செவுள் செய்துவைத்த தயாரிப்பு கலைந்துபோகும். நான் லாரி கேட்கவில்லை. இந்தக் கீழணையில் மீன் ஏறித் தாண்ட ஒரு மீன்வழி, கோடையிலும் முகத்துவாரம் வரை கொஞ்சம் தண்ணீர். அவ்வளவுதான். ஓர் அலுவலகத்தில் மூன்று முறை மனுக் கொடுத்துவிட்டேன்; “ஆவன செய்யப்படும்” என்ற ஒரே கடிதம் மூன்று தேதியில் வந்தது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான், சரி. குடிக்கத் தண்ணீர் வர வேண்டுமே?

செயலாளர் துண்டுச்சீட்டு நீட்டிவிட்டார். தைராய்டு அடுத்த ஆடிக்கு. நாலாவது மனுவுக்குக் கையெழுத்து நோட்டு, டீ டிரம்முக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன், போன வருஷம் காணாமல் போய்விட்டது.