ரத்தம் கொடுக்கிறவரிடம் மலேரியாவைக் கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

[திரை: காரைக்குடி, கல்யாண மண்டபம். ரத்ததான முகாம் பேனர். வரிசையாகக் கட்டில்கள்.]

வணக்கம். தை பிறந்தால் நம் பக்கம் ரத்ததான முகாமுக்குக் குறைவே இருக்காது, சிராவயல் மஞ்சுவிரட்டு வருகிற நேரம் வேறு. போய் உட்கார்ந்ததும் ஒரு படிவத்தை நீட்டுவார்கள். அதில் மலேரியா வந்ததா, எப்போது குணமானது என்று ஒரு கேள்வி இருக்கும். பாதிப் பேர் படிக்காமலே ‘இல்லை’யில் டிக் அடித்துவிட்டு பேனாவை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். எப்படியும் லேபில் டெஸ்ட் பண்ணத்தானே போகிறார்கள், நாம் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன?

அங்கேதான் சிக்கல். அந்த டெஸ்டை விட இந்தக் கேள்விதான் அதிகம் காப்பாற்றுகிறது.

[திரை: ரத்தப் பை, பக்கத்தில் ஒரு கண்ணாடி ஸ்லைடு.]

இந்தியாவில் தானமாக வரும் ஒவ்வொரு யூனிட்டையும் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா என்று ஐந்துக்கும் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். மலேரியாவுக்குப் பெரும்பாலும் ஸ்லைடில் ரத்தத்தைத் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள், இல்லையென்றால் ஒரு சொட்டு ரத்தத்தை அட்டையில் விட்டுக் கோடு விழுகிறதா என்று பார்க்கிற கார்டு டெஸ்ட். நல்ல அனுபவமுள்ள டெக்னீஷியன் பொறுமையாகப் பார்த்தால் ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் ஐம்பது கிருமி இருந்தாலும் பிடித்துவிடுவார். கார்டுக்கு நூறு, இருநூறு வேண்டும்.

இப்போது கணக்குப் போடுவோம். ஒருவர் உடம்பில் ஒரு மைக்ரோ லிட்டருக்கு ஒரே ஒரு கிருமி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லைடிலும் தெரியாது, கார்டிலும் தெரியாது. ஆனால் நாம் கொடுக்கிற பை 350 மில்லி. அதாவது மூன்றரை லட்சம் மைக்ரோ லிட்டர். அப்படியானால் ‘மலேரியா இல்லை’ என்று சீட்டு ஒட்டிய பைக்குள் மூன்றரை லட்சம் கிருமிகள். நோய் தொற்றுவதற்குப் பத்துக் கிருமி போதும் என்கிறார்கள்!

சரி, கிருமி உள்ளவருக்குக் காய்ச்சல் இருக்குமே, அவர் எப்படி முகாமுக்கு வருவார்? நல்ல கேள்வி. மலேரியா அதிகமுள்ள ஊரில் சின்ன வயதிலிருந்தே கடிபட்டு வளர்ந்தவர் உடம்பு அதோடு ஒரு மாதிரி சமாதானமாகப் போய்விடும். காய்ச்சல் கிடையாது, குளிர் கிடையாது, வேலைக்குப் போவார், நன்றாகச் சாப்பிடுவார், ஹீமோகுளோபினும் தேறிவிடும். காய்ச்சலில் கிடக்கிறவர் தானம் கொடுக்க வரமாட்டார், இவர்தான் வருவார். அப்புறம், பிரிட்ஜில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். சிவப்பணுவுக்குள் உட்கார்ந்துகொண்டு அந்தக் குளிரிலும் ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம்கூடத் தாங்கும்.

[திரை: உலக வரைபடம், ஆப்பிரிக்கா பச்சையில்.]

மலேரியா இல்லாத நாடுகளில் வழி சுலபம். போய்வந்த இடத்தைக் கேட்டு, சில மாதம் கழித்து வா என்று அனுப்பிவிடுவார்கள். பிரிட்டனில் கொஞ்ச காலம் பொறுத்து எதிர்ப்புப்பொருள் சோதனை, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய பொருள் (ஆன்டிபாடி) ரத்தத்தில் இருக்கிறதா என்ற சோதனை செய்து, அது நெகட்டிவ் என்றால் எடுத்துக்கொள்வார்கள். இதையே கானாவில் செய்து பாருங்கள். எதிர்ப்புப்பொருள் பழைய தொற்றையும் காட்டிக்கொடுக்கும் என்பதால் ஊரில் முக்கால்வாசிப் பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். மலேரியா உள்ள இடத்துக்குப் போனீர்களா என்று அங்கே யாரிடம் கேட்பது? வீடே அங்கேதான் இருக்கிறது. இன்னொரு பக்கம், அந்த ஆஸ்பத்திரிகளில் ரத்தம் ஏற்றிக்கொள்கிற குழந்தைகளில் நிறைய பேர் மலேரியாவாலேயே ரத்தம் குறைந்து வந்தவர்கள். கொடுப்பவர்களை எல்லாம் கழித்துவிட்டால் பையே இல்லாமல் அந்தக் குழந்தை போய்விடும். எனக்கு இந்த இடம்தான் மொத்த விஷயத்திலும் ஆக முடிச்சான இடம் என்று படுகிறது.

அதனால் வேறு வழி தேடினார்கள். கானாவின் குமாசியில் ஓர் ஆய்வு, 2016-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. ரத்தப் பையில் ரிபோஃப்ளேவின், அதாவது பி2 வைட்டமின்தான், அதைக் கலந்து புற ஊதா ஒளியைக் காட்டினார்கள். கிருமியுள்ள சாதாரண ரத்தம் ஏற்றியவர்களில் 22 சதவீதம் பேருக்கு மலேரியா தொற்றியது, ஒளி காட்டிய ரத்தம் ஏற்றியவர்களில் 4 சதவீதம். சின்ன ஆய்வுதான், ஆனாலும் வித்தியாசம் பெரிது. செலவுதான் இடிக்கும்.

[திரை: பூட்டிய செட்டிநாட்டு வீடு, திண்ணை.]

நமக்கு இதில் என்ன? செட்டிநாட்டுக்காரர்கள் ஊர்விட்டு ஊர் போய்ச் சம்பாதித்தவர்கள். அன்று பர்மா, மலாயா. இன்று வேறு ஊர்கள், அதில் ஆப்பிரிக்காவும் உண்டு. அங்கே இரண்டு வருஷம் இருந்துவிட்டுப் பொங்கலுக்கு வந்த மாப்பிள்ளை, ‘வாங்க மாப்பிள்ளை, ஒரு யூனிட் கொடுத்துட்டுப் போங்க’ என்று மாமனார் கூப்பிட்டதும் கட்டிலில் படுத்துவிடுகிறார். ஒடிசாவிலிருந்து, ஜார்க்கண்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்த தம்பிகளும் வருகிறார்கள். அவர்களை ஒதுக்கச் சொல்லவில்லை, கேட்கச் சொல்கிறேன். மலேரியா வந்து முழுக்கக் குணமானால் மூன்று மாதம் பொறுத்துக் கொடுக்கலாம் என்பது நம் நாட்டு விதி. மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. கேட்கிறவர்களும் படிவத்தை நீட்டிவிட்டு ஒதுங்காமல், ‘தம்பி, இதுக்கு முன்னாடி எந்த ஊர்ல இருந்தீங்க?’ என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும், முடிந்தால் அவர்கள் பாஷையில்.

கடைசியாக ஒன்று. ரத்தம் ஏற்றிக்கொண்ட சில வாரங்களுக்குள் குளிர்காய்ச்சல் வந்தால், ரத்தம் ஏற்றினோம் என்பதை டாக்டரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள். நம் ஊரில் டெங்கு, டைபாய்டு என்றுதான் முதலில் யோசிப்பார்கள். மலேரியா என்று தெரிந்தால் பையின் எண்ணை வைத்துக் கொடுத்தவரையும் கண்டுபிடித்துவிடலாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொசு கடித்து வருகிற கிருமி முதலில் ஈரலுக்குப் போகும், அதில் வைவாக்ஸ் என்கிற வகை அங்கேயே மாதக்கணக்கில் ஒளிந்தும் கொள்ளும். பையிலிருந்து வருகிற கிருமி ஈரலுக்குப் போவதே இல்லை. அதனால் அது வைவாக்ஸாக இருந்தால், ஈரலில் ஒளிந்ததைக் கொல்கிற 14 நாள் பிரைமாக்வின் மாத்திரை ரத்தம் வாங்கியவருக்குத் தேவைப்படாது, கொடுத்தவருக்குத்தான் தேவைப்படும்.