பால் வேண்டாம் என்றால், எந்தப் பால்?

வணக்கம் நேயர்களே. நான் டொக்டர் இல்லை. கொழும்பு வெள்ளவத்தையில் இருபது வருடமாகப் பால் தேத்தண்ணியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஆள், அவ்வளவுதான். நாளுக்கு ஐந்து கோப்பை, ஒவ்வொன்றிலும் பால்மா இரண்டு கரண்டி, குவித்து. வயிறு ஊதும், இரையும், காலி வீதி நெரிசலில் பஸ்ஸுக்குள் நிற்கும்போது சரியாக அந்த நேரம் பார்த்துப் பிசையும். நான் பழி போட்டதெல்லாம் இரவில் சாப்பிட்ட கொத்து ரொட்டி மேல்தான். அதுவும் சீஸ் கொத்து என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை! இரண்டு கிழமைக்குப் பாலை நிறுத்திப் பாருங்கள் என்று டொக்டர் சொன்னார், பத்தாம் நாள் வயிறு இருக்கிற இடமே தெரியவில்லை.

விஷயம் இதுதான். பாலில் இருக்கிற லக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்கச் சிறுகுடலில் லக்டேஸ் என்ற நொதியம் வேண்டும். பிள்ளைப் பருவத்தில் தாராளமாகச் சுரக்கும், வளர வளரக் குறையும், ஆசியாவில் பெரியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான். உடையாத லக்டோஸ் பெருங்குடலுக்குப் போனால் அங்கே பக்டீரியா அதைப் புளிக்க வைக்கும், வாயு வரும். முழு ஆடைப் பால்மாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லக்டோஸ் என்றால் என் ஐந்து கோப்பையைக் கணக்குப் பாருங்கள். பால் ஒவ்வாமை வேறு, அது பாலின் புரதத்தால் வருவது, அவர்கள் தயிரையும் தொடக்கூடாது. என்னைப் போன்றவர்களுக்குத் தயிர் கொஞ்சம் ஒத்துவரும், அதிலுள்ள பக்டீரியா லக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடுவதால். ஆனால் எருமைத் தயிர் முட்டியையும் கித்துள் பாணியையும் கண்டால் எனக்குக் கொஞ்சம் என்பது தெரியாது, அதனால் அதையும் விட்டேன்.

சமையலில் கஷ்டமே இல்லை. சொதி, பாற்சோறு, வட்டிலப்பம் எல்லாம் தேங்காய்ப்பால்தானே. கஷ்டம் சொல்லில்தான் வந்தது. கொட்டாஞ்சேனையில் மாமி வீட்டில் இடியப்பத்துக்கு மஞ்சள் தண்ணீர் மாதிரி ஒன்றை ஊற்றினார். என்ன மாமி என்றேன். "நீ பால் ஒத்துவராது எண்டு சொன்னாய்தானே தம்பி, அதுதான் சொதிக்குப் பால் விடேல்லை."

தேத்தண்ணிதான் படாத பாடு படுத்தியது. தேங்காய்ப்பால் விட்டுப் பார்த்தேன், மேலே எண்ணெய் மிதந்தது, சீனி போட்ட சொதி. சோயாப்பால் கொதி தேத்தண்ணியில் திரைந்து திரி திரியாக நின்றது. ஓட்ஸ் பால் நல்லதுதான், விலையைப் பார்த்துத் திரும்ப ராக்கையிலேயே வைத்துவிட்டேன். கடைசியில் இஞ்சி தட்டிப் போட்ட வெறும் தேத்தண்ணி, கடித்துக்கொள்ள ஒரு துண்டு பனங்கட்டி. 2022 தட்டுப்பாட்டில் பால்மாவுக்கு வரிசையில் நின்றவன் நான், அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

பிஸ்கட், சொக்லேட் வாங்கும்போது பொதியின் பின்பக்கத்தைப் படியுங்கள், மில்க் சொலிட்ஸ், வே பவுடர் என்று சின்ன எழுத்தில் பால் ஒளிந்திருக்கும்.

எலும்பு தேயப்போகிறது என்று அம்மாவுக்குப் பயம். பயம் நியாயம்தான், பெரியவர்களுக்கு நாளுக்குக் கிட்டத்தட்ட 1000 மில்லிகிராம் கல்சியம் வேண்டும். ஆனால் 100 கிராம் குரக்கன் மாவில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. முள்ளோடு பொரித்த நெத்தலிக் கருவாடு, டின் மீனின் மெத்தென்ற முள், எள்ளுருண்டை, முருங்கையிலை வறை, எல்லாம் நம் வீட்டுச் சாமான்தான். குரக்கன் பிட்டு இப்போது கிழமைக்கு மூன்று நாள். பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள், அது வேறு கதை.

போன ஞாயிறு மாமி கூப்பிட்டார். வரமுன்னமே போனில் சொல்லிவிட்டேன்: "மாமி, மாட்டுப்பால்தான் வேண்டாம். தேங்காய்ப்பாலை நல்லா விடுங்கோ."

வணக்கம்.