தேதி தப்பினால் குறுக்கிடாதீர்கள்

தோழர்களே,

நம் சங்கத்து மூத்த உறுப்பினர்களின் நினைவுகளைப் பேட்டியாகப் பதியப் போகும் உங்களுக்கு இந்தக் குறிப்பு.

இத்தாலியில் தெர்னி என்றொரு உருக்காலை நகரம். 1949 மார்ச் 17 அன்று, நாடு நேட்டோவில் சேரக்கூடாதென்று ஆலைத் தொழிலாளர்கள் ஊர்வலம் போனார்கள். போலீசோடு மோதல். லூயிஜி த்ராஸ்துல்லி என்ற 21 வயதுத் தொழிலாளி கொல்லப்பட்டார். பிற்காலத்தில் அங்குள்ள மூத்த தொழிலாளர்களைக் கேட்டபோது, பலரும் அவர் செத்தது 1953-ல் என்றார்கள். அந்த ஆண்டு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆலை வெளியே தள்ளியது. தெருவில் தடுப்புப் போட்டுச் சண்டை நடந்தது.

இதை மறதி என்று தள்ளிவிட முடியாது. தோழன் விழுந்த நாளில் பதிலுக்கு எதுவும் செய்ய முடியவில்லையே என்ற குறை உள்ளே கிடந்தது. எதிர்த்து நின்ற நாளோடு அந்தச் சாவைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒருவர் அல்ல, பலர் ஒரே மாதிரி தவறாகச் சொன்னார்கள். சங்கத்தின் நினைவு உருவாகும் இடம் அதுதான்.

ஆகவே நம் மூத்த உறுப்பினர் ஆண்டை மாற்றிச் சொன்னால் குறுக்கிடாதீர்கள். பதிவின் எத்தனையாவது நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். துண்டறிக்கை, சம்பளச் சீட்டு, அன்றைய பத்திரிகை ஆகியவற்றைப் பிறகு பக்கத்தில் வையுங்கள். இரண்டும் கோப்பில் இருக்கட்டும்.

முதலில் தனித்தனியாகப் பேச வையுங்கள். சங்க ஆபீசில் செயலாளர் எதிரே உட்கார்ந்திருந்தால், மாநாட்டு மலரில் வந்த கதைதான் திரும்ப வரும். போராட்டத்தில் தொடங்காமல் வேலையில் தொடங்குங்கள்: எந்த மெஷின், எந்த ஷிப்ட், பக்கத்தில் யார். வேலைநிறுத்த மாதங்களைப் பற்றி வீட்டுப் பெண்களிடமும் கேளுங்கள். எந்த நகை அடகுக்குப் போனது, எந்த மளிகைக்கடை கடன் கொடுத்தது என்று அவர்கள் சொல்வது எந்த மலரிலும் இருக்காது. தேதி நினைவில்லை என்றால், போனஸ் வந்த தீபாவளிக்கு முன்னா பின்னா என்று கேட்டால் போதும். அதன்பின் நாலைந்து பேரைக் கூட்டி, ஆலை கேட்டின் வரைபடத்தைத் தாளில் போடச் சொல்லுங்கள். யார் எங்கே நின்றார்கள் என்பதில் சண்டை வரும், வரட்டும்.

செல்போனில் பதிந்தால் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை. சுருக்காத ஒலிக்கோப்பான வேவ் (WAV), 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ என்றால் மணிக்குச் சுமார் அரை ஜிபி. அன்றே இரண்டு பிரதி எடுங்கள். ஒரு மணிப் பேச்சை எழுத்தாக்க ஆறேழு மணி நேரம் பிடிக்கும். பல பதிவுகள் பீரோவிலேயே தூங்குவது இதனால்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி பொருளடக்கமாவது எழுதிவிடுங்கள்.

ஒப்புதல் படிவத்தில் பதிவை யார் போட்டுக் கேட்கலாம், எப்போதிலிருந்து கேட்கலாம் என்பதை எழுதி வாங்குங்கள். ஆனால் பதிவைக் கொடு என்று கோர்ட் கேட்டால் அந்தப் படிவம் காப்பாற்றாது. வழக்கு நிலுவையில் உள்ள சம்பவத்தில் யார் என்ன செய்தார்கள் என்ற கேள்வியையே பதிவில் கேட்காதீர்கள்.